கோட்டுக்காரர் வரைந்த நடை

என் மாமாவை ஊரில் எல்லாரும் கோட்டுக்காரர் என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் கோட்டு மாட்டிய பெரிய மனிதர் யாரோ வரப்போகிறார் என்று வாசலைப் பார்ப்பார்கள். வந்து நிற்பவரோ முழங்கை வரை மசி அப்பிய அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். கோட்டு இல்லை, கோடு. நாற்பத்தைந்து வருடம் கோடு போட்டே பிழைத்தவர். எங்கள் பக்கத்தில் கையால் வரைந்த பொம்மைப் படத்தை முதன்முதலில் திரையில் ஓடவிட்டவர் அவர்தான். அம்மாவின் ஒரே தம்பி.

ஆரம்பத்தில் தியேட்டர் வாசலில் வைக்கும் பெரிய படங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அதே தியேட்டரில் என் அப்பா ஆப்பரேட்டர். மதியத்தில் சாரத்திலிருந்து இறங்கி, புரொஜெக்டர் அறையில் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாராம். அறுந்த பிலிமை ஒட்டும்போது ஓரிரண்டு படக்கட்டங்கள் வெட்டுப்பட்டு வீணாகும். அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துக்கொண்டு, பல்புக்கு நேரே பிடித்து மணிக்கணக்கில் பார்ப்பார். ஒரு நாள் அப்பாவிடம், ஒரு ஆள் ஒரு எட்டு வைப்பதற்குள் பன்னிரண்டு ஆள் வந்து போகிறார்கள் என்றாராம். "எட்டுல எப்படிடா பன்னிரண்டு வரும்?" என்று அப்பா கேட்டது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடிய சிரிப்பு.

அவரைக் கண்டுபிடித்தவர் ஒரு கேமராக்காரர். கேமரா கையில் இல்லாதபோதும் இடது கண்ணை மூடியே வைத்திருப்பார், பழக்கதோஷம். அதனால் ஒற்றைக்கண்ணர். விளம்பரப் படம் எடுத்து தியேட்டர்களுக்குக் கொடுத்துவந்தவர், மாமா நோட்டுப் புத்தக ஓரத்தில் வரைந்து விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டிய ஓடும் நாயைப் பார்த்ததும் மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

வேலைசெய்த இடம் ஒரு அச்சகத்தின் மாடி. கீழே இயந்திரம் ஓடும்போது மேலே தரை அதிரும். அந்த நேரத்தில் படம் பிடித்தால் எல்லாம் நடுங்கும் என்பதால், கீழே ஓய்ந்திருக்கும் இடைவெளியில்தான் கேமரா ஓடும். மின்விசிறி போட முடியாது, தாள் பறந்துவிடும். கண்ணாடி மேஜைக்கு அடியில் பல்பு எரியும். தாளில் பென்சிலால் வரைந்ததை அதன்மேல் வைத்து, கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மசியால் நகல் எடுத்து, பின்பக்கம் வர்ணம் நிரப்ப வேண்டும். மரச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் கேமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பிடிக்க வேண்டும். செல்லுலாய்டு தாள் எளிதில் கிடைக்காது. ஒரு படம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வோம். எத்தனை தேய்த்தாலும் பேனா கீறிய தடம் போகாது. விளக்குக்கு நேரே பிடித்தால் புதிய ஆளுக்குப் பின்னால் பழைய ஆள் நிற்பது தெரியும்.

நான் இருபது வயதில் அங்கே வர்ணம் நிரப்பப் போனேன். அந்த ஆசை வந்தது சின்ன வயதில், மாமாவின் முதல் படத்தால்.

அது ஒரு சோப்பு விளம்பரம். குளிக்க மாட்டேன் என்று ஒரு குண்டு மனிதர் ஓடுவார், சோப்பு அவரைத் துரத்தும். அந்தக் குண்டு மனிதருக்கு என் அப்பாவின் நடையைத்தான் மாமா எடுத்துக்கொண்டார். காலைக் காட்சிக்கு முன் தியேட்டரின் நீளமான நடையில் அப்பாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டு, ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வரைந்தார். அப்பாவுக்கு ஏகப் பெருமை. படம் ஓடியபோது தியேட்டரே குலுங்கிச் சிரித்ததாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். எனக்கு அப்போது எட்டு வயது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"படம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா என் வலது கையை ஏன் கட்டிப்போட்டுட்டே?"

மாமாவுக்குப் புரியவில்லை. மறுநாள் மூல வரைபடங்களைக் கட்டாகக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் இடது கை முன்னும் பின்னும் வீசியது. வலது கை மட்டும் உடம்போடு ஒட்டி, யாரோ பிடித்து வைத்ததுபோல அசையாமல் தொங்கியது.

"நீங்க அப்படித்தான் நடந்தீங்க அத்தான். நான் பார்த்ததைத்தான் போட்டேன்."

அப்பா எழுந்து அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நடந்து பார்த்தார். இரண்டு கையும் வீசின. மாமா அசடு வழிந்தார். அன்றைக்கு எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

அடுத்த வருடம் புரொஜெக்டரில் பிலிமை மாட்டும்போது அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடை சுருங்கியது, முகம் இறுகியது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இது நரம்பு சம்பந்தப்பட்டது, சரியாகாது, நடுக்கம் வெளியே தெரிவதற்கு ஓரிரு வருடம் முன்பே உள்ளே தொடங்கியிருக்கும் என்றார். முதலில் கை வீச்சுதான் குறையுமாம், வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாதாம். அம்மா ஒரு மாதம் தம்பியிடம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பார்த்தவன் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே தெரியாதேக்கா. கைதான் பார்த்திருக்கு, நான் பார்க்கல."

இதோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு முகப்பவுடர் விளம்பரத்துக்கு ராஜா ஒருவர் சிம்மாசனத்தில் வந்து உட்கார வேண்டியிருந்தது. கீழே இருந்த அச்சகத்தின் முதலாளி நல்ல வாட்டசாட்டமானவர், அவரே வந்து உட்கார்ந்து காட்டினார். நான் வர்ணம் நிரப்பும்போது கவனித்தேன். ராஜா உட்காரும் ஒவ்வொரு தடவையும் இடது அக்குளுக்குக் கீழே கையை வைத்து எதையோ தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மாமாவிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கீழே இறங்கிப் போய் முதலாளியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். படம் தியேட்டருக்குப் போன மூன்றாம் வாரம் முதலாளி மார்வலியில் போய்விட்டார். இறந்தவர் திரையில் தினமும் மூன்று காட்சி சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார், நெஞ்சைப் பிடித்தபடி. அச்சகத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாரும் மாடிப்படியில் ஏறி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமா வரும்போது கீழே யாரும் நடக்க மாட்டார்கள், இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

விஷயம் தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரமாகும்? முதலில் நான் கவனித்தது காலையில் அவரோடு வேலைக்கு நடந்து போகும்போது. எதிரே வந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று செருப்பைச் சரிசெய்வார். கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு அப்படியே நிற்பார். குடத்தோடு வரும் பெண் படியில் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் கடந்த பிறகு முதுகுக்குப் பின்னால் மறுபடி காலடிச் சத்தம் கேட்கும். நாங்கள் திரும்பினால் நின்றுவிடும். ரீல் சிக்கிக்கொண்டு ஒரே கட்டத்தில் நின்றுபோன படம்போல அந்த முழுத் தெருவும் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கும். மாமா தலையைக் குனிந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

அத்தையின் வழி வேறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், யாருக்கும் பயப்படாதவள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, அச்சக முதலாளி இறந்த வாரம், அவள் மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: என்னை வரையக் கூடாது. அவர் சத்தியம் செய்தார். சத்தியத்தை நம்பினாளோ இல்லையோ, அன்றிலிருந்து அவருக்கு முன்னால் அவள் நடக்கவில்லை. தெருவில் எப்போதும் இரண்டடி பின்னால் வருவாள். வீட்டில் டீ கொண்டுவந்தாலும் நாற்காலிக்குப் பின்பக்கமாகத்தான் கை நீளும். பார்த்தவர்கள், டெலிபோன் ஆபீசில் அத்தனை பேரை அதட்டுகிறவள் புருஷனுக்கு எவ்வளவு அடக்கமாகப் பின்னால் வருகிறாள் என்று மெச்சினார்கள். அத்தை அதற்கும் சிரித்துக்கொள்வாள்.

பயந்தவர்கள் ஒரு பக்கம். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவர்கள் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அது நீளமான வீடு, முன்கதவிலிருந்து பின்கட்டு வரை ஒரே வழி. மாமா பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த இருட்டு வழியில் நடந்து அவரை நோக்கி வருவார்கள், திரும்பிப் போவார்கள். பேச்சு கிடையாது. எல்லாருமே நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, இல்லாத நடையை நடந்து காட்டினார்கள். அப்படி நடப்பவர்களிடம் ஒன்றும் தெரியாது என்று மாமா எவ்வளவோ சொன்னார். நடந்து முடித்து அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் அழுதுவிடுவார்கள், ஆட்டாவிட்டாலும் அழுதுவிடுவார்கள். ஒரு தபால்காரர் ஒன்பது வாரம் தொடர்ந்து வந்தார். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று மாமா ஒன்பது தடவை சொன்னார். பத்தாவது வாரம் அத்தை முன்கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றாள்.

"இது வீடு. நடக்கணும்னா ரோட்டுல நடங்க."

ஞாயிறு அதோடு நின்றது. ஆனால் அதற்குள் செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஊருக்கு வெளியே டார்ச் செல்லும் லாரி பேட்டரியும் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் மேனேஜர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். ஒரு வருடத்துக்கு அவர்களுடைய விளம்பரம் எல்லாம் எங்களுக்கே என்று சொல்லி அழைத்தார். ஒற்றைக்கண்ணர் மூடிய கண்ணைக்கூடத் திறந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் போனோம். பெரிய அறை, பெரிய மேஜை. மேனேஜர் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். டார்ச் லைட் பேசுவதுபோல ஒரு படம், கடைசியில் தொழிலாளர்கள் சந்தோஷமாக கேட்டுக்குள் நுழைவதுபோல ஒரு காட்சி, அவ்வளவுதான் என்றார். எல்லாம் பேசி முடித்த பிறகு மாமாவை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். கேட் பக்கத்துல ஒரு ரூம் தர்றேன். மூணு நாள் காலையில உட்கார்ந்து ஆட்கள் உள்ளே வர்றதைப் பாருங்க. படத்துக்கும் ஆச்சு. யார் யாருக்கு உடம்புக்கு வரப்போகுதுன்னு எனக்கு ஒரு லிஸ்ட் மட்டும் கொடுத்திடுங்க."

"லிஸ்ட்டை வச்சு என்ன செய்வீங்க?"

"முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டா எல்லாருக்கும் நல்லது பாருங்க."

அவர் இதைப் புன்னகையோடு சொன்னார். மாமா யோசிக்கிறேன் என்றார். நாங்கள் எழுந்தோம். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பவும் இல்லை. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தி, மாடிப்படியில் கால் வைத்த பிறகுதான் அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

படத்துக்காகப் பார்க்கத்தான் வேண்டும் என்று மூன்று நாளும் மாமா, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியாத அந்த கேட் அறையில் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். காலை ஏழரைக்குச் சங்கு ஊதும். ஆட்கள் கேட்டைத் தாண்டியதும் பிரிவார்கள். வலது பக்கம் போகிறவர்கள் பெட்டி கட்டும் இடத்துக்கு. நேரே போகிறவர்கள் ஆபீசுக்கும் மெஷின்களுக்கும். இடது பக்கம் போகிறவர்கள் நான்காம் ஷெட்டுக்கு, அங்கேதான் ஈயம் உருக்கித் தகடு வார்ப்பது. மாமா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதுபோலவே தெரியாது. பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் மாடி அறைத் தரையில் வரைந்த தாள்களை வரிசையாக வைத்தார். வலது பக்கம் போனவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நடந்தார்கள். ஒருவன் சாய்ந்து, ஒருவன் துள்ளி, ஒருவன் தூக்கக் கலக்கத்தில். இடது பக்கம் போனவர்களை வைத்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நான் பார்த்தேன். கேட்டில் என் கண்ணில் படாதது தாளில் தெரிந்தது. கிழவரோ வாலிபரோ, குட்டையோ நெட்டையோ, நான்காம் ஷெட்டின் முப்பது பேரில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே நடை. முழங்காலை உயர்த்தி உயர்த்தி எடுத்துவைத்தார்கள், தண்ணீருக்குள் நடப்பதுபோல. பாதம் முன்னால் தொங்கி, பிறகு தரையில் சப்பென்று விழுந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை வாடிய இலைபோலத் தொங்கியது. யாரோ ஒரே ஆள் இருபத்திரண்டு உடம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்ததுபோல இருந்தது.

"இது இவங்களுக்கு வந்தது இல்ல," என்றார் மாமா. "அந்த இடத்துக்கு வந்தது."

லிஸ்ட் கொடுத்தால் இருபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள், இன்னும் இருபத்திரண்டு பேர் உள்ளே வருவார்கள். அதற்கு அவரால் முடியாது. யாரிடம் போய்ச் சொல்வது? அச்சக முதலாளியிடமே மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை வரைவதுதான். மேனேஜருக்கு, பார்த்தேன், ஒன்றும் குறிப்பாகத் தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். படத்தை ஆறு வாரத்தில் முடித்தோம்.

டார்ச் லைட் பேசியது, பாடியது, திருடனைத் துரத்தியது. கடைசிப் பத்து வினாடியில் சங்கு ஊதி, தொழிலாளர்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள். முகங்கள் எல்லாம் உருண்டையான பொம்மை முகங்கள், யாருடையதும் இல்லை. உடல்வாகும் நடையும் மட்டும் அவரவருடையவை. இடது பக்கம் திரும்பும் வரிசையைப் படம் பிடிக்கும்போது நாலாவது தாளிலேயே ஒற்றைக்கண்ணர் கேமராவை நிறுத்திவிட்டார். அவருடைய தங்கை மகன் நான்காம் ஷெட்டில் இருந்தான். இரண்டு கண்ணாலும் மாமாவைப் பார்த்தார். ஒற்றைக்கண்ணர் இடது கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தாளைக் கேட்டார்.

மேனேஜருக்கு முதலில் போட்டுக் காட்டினோம். தொழிலாளர்கள் வந்த இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நடை பிரமாதம், ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றார். அவர் தினமும் காரில் வேறு கேட் வழியாக வருகிறவர்.

தொழிற்சாலைக்கு வார விடுமுறை நாளில், மதியக் காட்சியில் படம் தியேட்டருக்கு வந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு பாதி அரங்கை நிரப்பியிருந்தார்கள், தங்கள் கம்பெனிப் படம் என்ற குஷி. அப்பா அப்போது வேலையை விட்டுப் பத்து வருடத்துக்கும் மேலாகியிருந்தது. ஆனாலும் தினமும் போய் புரொஜெக்டர் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், புது ஆப்பரேட்டரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. மாமாவும் நானும் அன்று அவரோடு அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

திருடனைத் துரத்தும் இடத்தில் நல்ல சிரிப்பு. சங்கு ஊதியது. பொம்மைகள் வரிசையாக வந்தன. இடது பக்கம் திரும்பியவர்கள் முழங்காலைத் தூக்கித் தூக்கி, பாதம் சப் சப்பென்று விழ நடந்தபோது சிரிப்பு இன்னும் கூடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், சத்தமாகக்கூட இல்லை.

"அது எங்க வீட்டுக்காரரு."

சிரிப்பு ஒரு இடத்தில் மட்டும் நின்றது. பிறகு அடுத்த வரிசையில். இன்னொரு குரல், அந்த நெட்டையன் என் தம்பி என்றது. விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பதுபோல அரங்கம் முழுக்கச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. பத்து வினாடி முடிந்து திரை வெள்ளையானபோது ஒரு குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

திரும்பப் போடச் சொல்லி ஒரு ஆண் குரல் கேட்டது. புது ஆப்பரேட்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். நடுங்கும் கையை நடுங்காத கையால் பிடித்துக்கொண்டு ரீலைப் பின்னால் சுற்றினார். நான்கு தடவை போட்டார். நான்கு தடவையும் யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு பெரிய படம் ஓடியது. இடைவேளையில் விளக்கு போட்டபோது நான் மேலிருந்து பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் நடு வரிசைகளில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. டீ விற்பவன் குரல் கொடுத்துக்கொண்டே போனான், யாரும் திரும்பவில்லை. எல்லாரும் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்தும் அப்படியே. முதலில் எழுந்து நடப்பது யார் என்பதுதான் கேள்வி. கடைசியில் அந்த முதல் குரலுக்கு உரிய பெண் ஆண்கள் பக்கம் வந்து தன் புருஷனின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவர் நடந்தார். முழங்கால் உயர்ந்தது, பாதம் விழுந்தது. அந்தச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மரத்தரையில் அந்தச் சத்தம் பெருகிப் பெருகி வெளியே போனது.

மறுநாள் காலை நான்காம் ஷெட் ஆட்கள் வேலைக்குப் போகாமல் கும்பலாக அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் அவர்கள் ஈறுகளைப் பார்த்ததுமே ஈய விஷம் என்று சொல்லிவிட்டாராம், ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடியதாம். பிறகு அதிகாரிகள் வந்தார்கள். ஷெட்டை ஏழு மாதம் மூடினார்கள். புகை வெளியேறப் பெரிய குழாய்கள் போட்டார்கள். மேனேஜரை வேறெங்கோ மாற்றினார்கள். வாலிபர்களுக்குக் கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, ஒற்றைக்கண்ணரின் தங்கை மகனுக்கும். வயதானவர்களில் பலருக்கு வரவில்லை. இரண்டு பேர் அந்த வருடமே இறந்தார்கள்.

எங்களுக்கு அதோடு விளம்பரம் தர ஆள் இல்லாமல் போனது. மாடி அறையைக் காலி செய்தோம். ஒற்றைக்கண்ணர் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கப் போனார். மாமாவை ஊர் கொண்டாடியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. ஷெட் மூடியிருந்த மாதங்களில் ஒரு நாள், தியேட்டரில் முதலில் குரல் கொடுத்த அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தோம், திட்டவும் இல்லை.

"சொன்னது நல்லதுதான். ஆனா ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவர் அங்க உட்கார்ந்திருக்கும்போதே நானும் சிரிச்சேன். சிரிக்க வச்சுத்தான் சொல்லணுமா?"

மாமா எழுந்து நின்றார். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அன்றிலிருந்து மாமா மனிதரை வரையவில்லை.

பல வருடம் கழித்து டெலிவிஷன் வந்தபோது அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. நிகழ்ச்சிகளின் தலைப்பு எழுத்துகளை ஓடவிட, மேகத்தை நகர்த்த, மழையைப் பெய்யவைக்க. நான் துணைக்கு இருந்தேன். நிம்மதியான வருடங்கள். அப்பா அந்தக் காலத்தில்தான் தூக்கத்தில் போனார்.

மாமா எழுபத்தொன்றாம் வயதில் சாதாரணக் காய்ச்சலில் இறந்தார். கடைசியாக ஒப்புக்கொண்டிருந்தது ஒரு கதை நிகழ்ச்சியின் ஆரம்பத்துக்கு: திறந்த ஜன்னல், அதில் ஒரு திரைச்சீலை, காற்றில் அசைகிறது. ஐம்பது தாள் வேண்டும். முப்பத்தொன்று வரைந்திருந்தார். மீதி பத்தொன்பதை நான் முடித்துக்கொடுத்தேன். வேலை செய்யும்போது அவர் வரைந்தவற்றை விளக்கு மேஜையில் அடுக்கிப் புரட்டிப் பார்த்தேன். துணி காற்றில் அசைகிற மாதிரி இல்லை. பின்னால் யாரோ நின்று, மூச்சு இழுத்து விடும்போது துணி உள்ளே ஒட்டி வெளியே வருகிற மாதிரி இருந்தது. அவருக்குக் கடைசியில் மூச்சுத் திணறியது, அது கைக்கு வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பங்கில் அதைச் சரிசெய்தேன். வெறும் காற்று, வெறும் துணி.

நிகழ்ச்சி ஒரு மாலையில் ஒளிபரப்பானது. அம்மாவும் அத்தையும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் முப்பத்தொரு தாளில் நான் பார்த்தது அப்படியே இருந்தது. பிறகு என்னுடையவை வந்தன. அவற்றிலும் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பைவிடச் சற்று அருகில்.

நான் அப்படி வரையவில்லை. மறுநாள் தாள்களைத் திருப்பி வாங்கிவந்து ஒவ்வொன்றாக விளக்கில் வைத்துப் பார்த்தேன். என் கோடுதான், என் கைதான், அந்த மூச்சும் அதில்தான் இருந்தது. அத்தை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அவரோட கை உன்கிட்டயும் வந்திருச்சா?" என்றாள்.